நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்

நாற்காலியிலிருந்து எழ முயலும் பெரியவர் ஒருவரை மனத்தில் கொண்டுவாருங்கள். அல்சைமர் நோய் தெரியவந்து மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கும். இரண்டு உள்ளங்கைகளையும் நாற்காலியின் கைகளில் ஊன்றி, உடம்பை முன்னே சாய்த்து, பாதி எழுந்துவிட்டார். அந்த நொடியில் சமையலறையிலிருந்து ஒரு குரல் வருகிறது: “அப்பா, மாத்திரை போட்டீங்களா?” அவர் குரல் வந்த பக்கம் திரும்புகிறார். ஊன்றிய கை தளர்கிறது. உடம்பு பின்னால் சாய்ந்து, தொப்பென்று மறுபடி உட்கார்ந்துவிடுகிறார். பின்னால் நாற்காலி இருந்ததால் அடிபடவில்லை. இதுவே குளியலறையாகவோ வாசற்படியாகவோ இருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கும். “வயசாயிடுச்சு, காலில் தெம்பில்லை” என்று வீட்டில் காரணம் சொல்வார்கள். தெம்பு குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் கேள்வி வருவதற்கு முந்தைய நொடி வரை அதே கால்கள் அவரைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தன. நழுவியது கவனம். தமிழில் ‘நிதானம்’ என்ற சொல்லை உடம்பின் சமநிலைக்கும் சொல்கிறோம், மனத்தின் தெளிவுக்கும் சொல்கிறோம். நிதானம் தப்பி விழுந்தார் என்கிறோம், நிதானமாக யோசி என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தது பொருத்தமானது என்பதை அல்சைமர் நோயாளியின் நடை காட்டுகிறது. அவரை விழாமல் காப்பதில் வீட்டார் செய்யக்கூடிய முதல் காரியம், அவர் நிற்கும்போதும் நடக்கும்போதும் திரும்பும்போதும் மூளைக்கு வேறு வேலை கொடுக்காமல் இருப்பது. இந்த அத்தியாயத்தின் மற்ற யோசனைகள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதான்.

நிற்பது என்றால் சும்மா இருப்பது என்று நமக்குத் தோன்றுகிறது. அசையாமல் நிற்கும் மனிதரின் உடம்பு உண்மையில் முன்னும் பின்னும் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கிறது. கணுக்கால், இடுப்புத் தசைகள் அந்த ஆட்டத்தை ஓயாமல் சரிசெய்கின்றன. அதற்கான தகவல் மூன்று இடங்களிலிருந்து மூளைக்கு வருகிறது: கண், உட்காது, பாதமும் மூட்டுகளும். மூன்றும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்து பஸ் கிளம்புகிறது. நம் பஸ்தான் நகர்கிறது என்று ஒரு கணம் உடம்பு பதறுகிறது, அடுத்த கணம் தெளிந்துவிடுகிறது. கண் சொன்னது தவறு, உட்காதும் உடம்பும் சொல்வதே சரி என்று மூளை தீர்ப்பு வழங்கிவிட்டது. அல்சைமர் நோயில் சிதைவது இந்தத் தீர்ப்பு வழங்கும் திறன். அமெரிக்காவில் 1999இல் வெளியான ஓர் ஆய்வில், நிற்பவரின் ஆட்டத்தோடு சேர்ந்து சுற்றிலும் உள்ள காட்சியும் அசையும்படி செய்து பார்த்தார்கள். பார்க்கின்சன் நோயாளிகளைவிட அல்சைமர் நோயாளிகளே இதில் தடுமாறினார்கள். கண் தரும் பொய்த் தகவலைத் தள்ளிவைக்க அவர்களால் முடியவில்லை. நோயின் ஆரம்பத்தில் தசையும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. வந்து சேரும் தகவல்களை எடைபோட்டு முடிவெடுக்கும் இடத்தில்தான் கோளாறு. அந்த முடிவெடுத்தலுக்குக் கவனம் என்ற எரிபொருள் வேண்டும். நோய் முற்ற முற்ற அதன் இருப்பு குறைகிறது.

இதை நிறுவுவதற்கு மிக எளிமையான ஒரு சோதனை இருக்கிறது. ஸ்வீடனில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் 58 பேருடன் ஆய்வாளர் ஒருவர் பேசிக்கொண்டே நடந்தார். பேச்சுக் கொடுத்ததும் யார் நின்றுவிடுகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டார். 12 பேர் நின்றார்கள். அடுத்த ஆறு மாதங்களில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். 1997இல் லான்செட் இதழில் வந்த இந்தச் சின்ன ஆய்வு, நடையைப் பற்றிய மருத்துவர்களின் பார்வையையே மாற்றியது. நடப்பது தானாக நிகழ்கிறது என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. பின்னர் கனடாவில், லேசான நினைவுக் குறைபாடு உள்ள 112 பேரை எண்களைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டும் விலங்குகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டும் நடக்கவைத்தார்கள். அப்படி நடக்கும்போது வேகம் மிகவும் குறைந்தவர்களுக்கே பிற்காலத்தில் டிமென்ஷியா (அல்சைமரும் அதில் ஒரு வகை) வரும் வாய்ப்பு அதிகம் என்று 2017இல் தெரிவித்தார்கள். இந்தச் சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். சமதளத்தில் அவருக்குப் பக்கத்தில், தாங்கிப்பிடிக்கத் தயாராக நடந்துகொண்டே ஒரு சாதாரணக் கேள்வி கேளுங்கள். நின்று பதில் சொல்கிறாரா, கால்கள் குழம்புகின்றனவா, நடந்துகொண்டே சொல்கிறாரா என்று பாருங்கள். நின்றுவிட்டால், இனி அவரோடு நடக்கும்போது பேசாதீர்கள். நின்று பதில் சொல்வது அவருடைய உடம்பின் சாமர்த்தியம். அதைக் கெடுக்கும் விதமாக “நடந்துகிட்டே சொல்லுங்க” என்று அவசரப்படுத்தக் கூடாது.

முதுமையில் எல்லாரும்தான் விழுகிறார்கள், இதில் அல்சைமருக்கு என்ன தனிப் பங்கு என்று கேட்கலாம். டிமென்ஷியா உள்ளவர்கள் அதே வயதுள்ள மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விழுகிறார்கள். அதைவிட அழுத்தமான சான்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து 2013இல் வந்தது. நினைவாற்றலில் எந்தக் குறையும் இல்லாத 125 முதியவர்களின் மூளையைப் படம் பிடித்து, அல்சைமருக்கே உரிய அமிலாய்டு புரதம் படிந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு யார் எப்போது விழுகிறார்கள் என்று தொடர்ந்து குறித்தார்கள். படிவு அதிகம் இருந்தவர்கள் முன்னதாகவே விழுந்தார்கள். மறதி தலைகாட்டும் முன்பே நிதானம் குலையத் தொடங்கியிருக்கலாம் என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் எல்லாத் தடுமாற்றத்தையும் அல்சைமர் கணக்கில் எழுதுவதும் ஆபத்து. நோய் தெரியவந்த முதல் ஆண்டிலேயே அடிக்கடி விழுகிறார், உடம்பு விறைக்கிறது, இல்லாத ஆட்களும் விலங்குகளும் கண்ணுக்குத் தெரிகின்றன என்றால் அது லூயி பாடி டிமென்ஷியாவாக இருக்கலாம். கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் இழுத்து நடக்கிறார், சிறுநீரும் கட்டுப்படவில்லை என்றால் மூளையில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வைட்டமின் பி12 குறைந்தால் பாதம் உணர்விழக்கும், இருட்டில் தள்ளாட்டம் கூடும். இவற்றில் சில சிகிச்சைக்கு இணங்குபவை. எனவே கீழே சொல்லும் எதையும் தொடங்கும் முன் ஒருமுறை மருத்துவரிடம் “நடையில் மாற்றம் இருக்கிறது” என்று சொல்லிக் காட்டுங்கள். மறதியைப் பற்றிப் பேசப் போகும் குடும்பங்கள் பல சமயம் நடையைப் பற்றி வாயே திறப்பதில்லை.

எழுந்து நிற்கவைப்பதை நிதானமாகப் பார்ப்போம், ஒரு நாளில் அதிக முறை நடப்பது அதுதான். முதலில் டிவியை அணையுங்கள். அவருடைய முகத்துக்கு நேராக, அவர் கண்மட்டத்துக்குக் குனிந்து, நீங்கள் இருப்பதைத் தெரியப்படுத்துங்கள். பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தைத் திருப்புவார், திரும்பிய கழுத்தோடு எழ முயல்வார். “முன்னாடி நகர்ந்து உட்காருங்கப்பா” என்று ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பத்து நொடிகூட ஆகலாம். சொன்னது மூளைக்குப் போய்ச் சேர அந்த நேரம் தேவை. அதற்குள் இரண்டாம் தடவை வேறு சொற்களில் சொன்னால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அடுத்து, பாதங்கள் முழங்காலுக்குக் கீழே சற்றே பின்னுக்கு வர வேண்டும். வாயால் சொல்லிப் புரியாவிட்டால் முழங்காலைத் தொட்டுக் காட்டுங்கள். கைகளை நாற்காலியின் கையில் வைக்கச் சொல்லுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும் அளவுக்கு முன்னே குனிந்தால்தான் உடம்பின் எடை பாதத்துக்கு மாறும். அதன் பிறகு “எந்திரிங்க”. எழுந்ததும் நடக்கவிடாதீர்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். தலைசுற்றல் இருந்தால் அந்த இடைவெளியில் தெரிந்துவிடும், மூளைக்கும் தன் இடம் பிடிபடும்.

இங்கே அன்பு மிகுந்தவர்கள்கூடச் செய்யும் தவறு ஒன்று உண்டு. முன்னால் நின்றுகொண்டு இரண்டு கைகளையும் பிடித்து இழுப்பது. அல்சைமர் வளர்ந்த நிலையில், பிறர் கைகாலை அசைத்தால் தசை தானாக எதிர்த்து விறைக்கும். எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு விறைப்பு. “விடவே மாட்டேங்கிறார், பிடிவாதம்” என்று வீட்டார் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அவருடைய விருப்பத்துக்கும் அந்த விறைப்புக்கும் சம்பந்தமே இல்லை. இழுக்கும்போது அவர் உடம்பு பின்னால் சாயும், இருவருமே விழ நேரும். அவருக்குப் பக்கத்தில் அரையடி பின்தள்ளி நில்லுங்கள். ஒரு கை அவர் முதுகின் கீழ்ப்பகுதியில் லேசாக இருக்கட்டும். இன்னொரு கையை அவர் பற்றிக்கொள்ளும்படி நீட்டுங்கள், நீங்கள் அவரைப் பற்ற வேண்டாம். மெதுவான அசைவுக்கு விறைப்பு இளகிக்கொடுக்கும். கமோடில் உட்காரத் திரும்புவதுதான் நாளின் மிகக் கடினமான வேலை. ஒரே வீச்சில் திரும்பப் பார்ப்பார், ஒரு கால் மற்றதைப் பின்னிக்கொள்ளும். கடிகார முள்போலச் சின்னச் சின்ன அடிவைத்துத் திரும்பி, கெண்டைக்காலின் பின்பக்கம் கமோடைத் தொட்ட பிறகே உட்காரவேண்டும் என்று தினமும் ஒரே மாதிரி செய்யவையுங்கள். குத்தவைத்து உட்காரும் கழிப்பறை இனி வேண்டாம். உள்பக்கத் தாழ்ப்பாளையும் கழற்றிவிடுங்கள். சிறுநீர் முட்டி அவசரத்தில் ஓடும்போது விழுபவர்கள் நிறைய. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே அழைத்துப்போனால் அந்த ஓட்டமே இருக்காது.

வீட்டைச் சரிசெய்வதிலும் அதே அளவுகோல்தான்: கண்ணுக்குள் போகும் குழப்பத்தைக் குறைக்க வேண்டும். நிற வேறுபாட்டையும் ஆழத்தையும் அறியும் திறன் இந்த நோயில் மங்குகிறது. வெளிர்நிறத் தரையில் கிடக்கும் கறுப்புக் கால்மிதி குழியாகத் தெரியலாம். அவர் அதைத் தாண்டக் காலைத் தூக்குவார், அல்லது அங்கேயே நின்றுவிடுவார். பளபளவென்று துடைத்த கிரானைட் தண்ணீர் தேங்கியதுபோல் தோன்றும். கால்மிதியை எடுத்துவிடுவதே நல்லது. நடைபாதையில் திட்டுத் திட்டான வடிவங்கள் உள்ள விரிப்புகளும் வேண்டாம். அதற்கு நேர்மாறாக, பார்க்கவேண்டியவை பளிச்சென்று தெரிய வேண்டும். வெள்ளை டைல்ஸ் சுவரில் வெள்ளைக் கைப்பிடி இருந்தும் இல்லாததற்குச் சமம். அதில் சிவப்பு டேப் சுற்றுங்கள். நிலைப்படியின் விளிம்பிலும் படிக்கட்டின் ஒவ்வொரு நுனியிலும் மஞ்சள் பட்டை ஒட்டுங்கள். துண்டு காயப்போடும் கம்பியை அவர் கைப்பிடி என்று நம்பிப் பிடிப்பார். அதைச் சுவரில் உறுதியாகப் பொருத்துங்கள், முடியாவிட்டால் கழற்றிவிடுங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு முழுதும் மங்கலான விளக்கு எரியட்டும். தரையைத் தொடும் வேட்டியும் புடவையும் நைட்டியும் ஒரு சாண் உயரட்டும். ஹவாய் செருப்பு வேண்டாம், குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் செருப்பு நல்லது. ஆனால் வீட்டை ஒரே நாளில் தலைகீழாக மாற்றிவிடாதீர்கள். கட்டிலும் நாற்காலியும் இருந்த இடம் அவர் கால்களுக்குத் தெரியும். அந்த நினைவை அழிப்பது புது இடத்தில் அவரைத் தனியே விடுவதற்கு ஒப்பாகும்.

இவ்வளவு பாடு எதற்கு, நாற்காலியிலேயே உட்காரவைத்துவிட்டால் விழமாட்டாரே என்பதுதான் பலர் வாய்விட்டுச் சொல்லாமல் செயல்படுத்தும் யோசனை. சில இடங்களில் துணியால் கட்டியும் வைக்கிறார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர், பயந்தவர்கள். ஆனால் கணக்கு அவர்கள் நினைப்பதுபோல் வருவதில்லை. சராசரி வயது 67 உள்ள ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தபோது கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துவிட்டதை 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. நோயுள்ளவருக்குச் சேதம் இன்னும் கூடுதலாகவே இருக்கும். கட்டிவைப்பவர்கள் அஞ்சும் விபத்து எப்போது நடக்கிறது? கட்டு அவிழ்ந்திருக்கும் நேரத்தில், தசை வற்றிய காலோடு அவர் எழ முயலும்போது. ஜெர்மனியில் 36 முதியோர் இல்லங்களில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், கட்டிவைப்பதைக் குறைக்க ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கட்டுவது குறைந்தது, விழுவது கூடவில்லை. மாலையில் அமைதியில்லாமல் எழுந்து எழுந்து நடப்பவருக்குக் கட்டு மருந்தாகாது. பசியா, சிறுநீரா, வலியா என்று பார்த்துவிட்டு, கூடவே பத்து நிமிடம் நடந்துவந்தால் பெரும்பாலும் தணிந்துவிடும்.

சொன்னதை மறந்துவிடுபவருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து என்ன பயன் என்பது அடுத்த மறுப்பு. நேற்று என்ன செய்தோம் என்ற நினைவும், செய்து செய்து உடம்பில் ஏறும் பழக்கமும் மூளையில் வெவ்வேறு பாதைகளைச் சார்ந்தவை. இரண்டாவது பாதை அல்சைமரில் நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது. பயிற்சி தந்தது அவருக்கு ஞாபகமே இருக்காது, ஆனால் உடம்பு அதைக் கற்றிருக்கும். ஒரு நிபந்தனை உண்டு: ஒரே செயலை, ஒரே முறையில், ஒரே இடத்தில் செய்ய வேண்டும். விதவிதமாக மாற்றிச் செய்தால் மற்றவர்களுக்குத் திறமை கூடும், இவர்களுக்குக் குழப்பம் கூடும். பின்லாந்தில் துணைவரோடு வீட்டில் வாழும் 210 அல்சைமர் நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். இரண்டு குழுக்களுக்கு வாரம் இருமுறை, ஒரு மணி நேரம் வீதம், ஓராண்டு பயிற்சி கிடைத்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 3 முறைக்குச் சற்று அதிகமாக விழுந்தார்கள். வீட்டிலேயே பயிற்சி பெற்றவர்களுக்கு அந்த எண்ணிக்கை 1.35. குழுவாகச் சென்று பயிற்சி பெற்றவர்களுக்கு 1.86. முடிவு 2013இல் வெளியானது. அவரவர் நாற்காலி, அவரவர் படி என்று பழகிய இடத்தில் கிடைத்த பயிற்சிக்கு நல்ல பலன் இருந்ததில் வியப்பில்லை.

அது பின்லாந்து, வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார், நமக்கு யார் வருவார் என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினர், ஏறக்குறைய 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள் என்று 2023இல் கணக்கிட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோரைப் பார்த்துக்கொள்வது மனைவியும் மகளும் மருமகளும்தான். வாரம் இருமுறை நிபுணர் வரவேண்டும் என்பது பல குடும்பங்களுக்கு எட்டாத காரியம். அதனால் நிபுணரிடம் இரண்டு மூன்று முறை போய் இவருக்கு ஏற்றது எது என்று கேட்டுக் கற்றுவந்து, மீதியை வீட்டில் செய்யுங்கள். காலை காபிக்கு முன் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருவது, அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, அதே மேடையோரம் பக்கவாட்டில் அடிவைத்துப் போய்த் திரும்புவது. பத்து நிமிடம் போதும். தினமும் அதே நேரம், அதே மேடை, அதே சொற்கள். ஜெர்மனியில் நடந்துகொண்டே கணக்குப் போடும் பயிற்சியைக் கொடுத்து முன்னேற்றம் கண்டிருக்கிறார்களே, பிறகு ஏன் பேசாதே என்கிறீர்கள் என்று விவரம் அறிந்தவர்கள் கேட்கலாம். அங்கே கைக்கெட்டும் தூரத்தில் பயிற்சியாளர் நின்றார், வேலையின் கடினம் படிப்படியாகக் கூட்டப்பட்டது. ஈரமான குளியலறையில் எதிர்பாராமல் வரும் கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்த அத்தியாயத்துக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான சான்றையும் மறைக்கக் கூடாது. இங்கிலாந்தின் நியூகாசிலில், விழுந்து அவசரப் பிரிவுக்கு வந்த, நினைவுக் குறைபாடுள்ள 274 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்துச் சீரமைப்பு, பயிற்சி, வீட்டுத் திருத்தம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டில் அவர்களில் 74 விழுக்காட்டினர் விழுந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 80 விழுக்காட்டினர். அந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற அளவே. 2003இல் வந்த இந்த முடிவைப் பார்த்து, இவர்களுக்கு எதுவும் உதவாது என்று கைவிட்டவர்கள் உண்டு. நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். அங்கே பலருக்கு நோய் ஏற்கெனவே முதிர்ந்திருந்தது, எல்லாரும் ஒருமுறையாவது விழுந்தவர்கள். சில வாரங்களுக்கு வந்துபோகும் நிபுணரின் உதவி, நோயாளி தானே நினைவில் வைத்துத் தொடர வேண்டியதாக ஆகிவிடுகிறது. பின்லாந்தில் பயிற்சி ஓராண்டு நிற்கவே இல்லை, கூடவே வாழ்பவர் ஒருவரும் இருந்தார். எனவே முதல் முறை விழும்வரை காத்திருக்காதீர்கள். தொடங்கினால் பாதியில் விடாதீர்கள்.

கைத்தடியும் வாக்கரும் எல்லாருக்கும் உதவும் என்பதில்லை. வாக்கரைத் தூக்கி வைப்பது, அடி எடுப்பது, மூலையில் திருப்புவது ஆகியவை சேர்ந்து கவனத்தின் மேல் இன்னொரு சுமை. நோயின் ஆரம்பத்திலேயே பழகினால் உடம்பில் ஊறும். முற்றிய பின் கொண்டுவந்து நிறுத்தினால் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பார். மாத்திரைகள் விஷயம் இதைவிடப் பெரியது. தூக்கத்துக்குத் தரும் அல்பிரசோலம், குளோனசெபாம், கிளர்ச்சியை அடக்கத் தரும் கியூட்டியாபின், ரிஸ்பெரிடோன், இரத்த அழுத்தத்துக்கும் புராஸ்டேட்டுக்கும் தரும் சில மாத்திரைகள் எல்லாமே தள்ளாட்டத்தைக் கூட்டக்கூடியவை. மறதிக்கே தரும் டோனெபிசில் சிலருக்கு இதயத் துடிப்பைக் குறைத்து மயக்கம் வரவைக்கும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். எல்லாப் பட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். படுத்திருக்கும்போது ஒருமுறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் அதுவே ஒரு காரணம்.

எல்லாம் செய்தும் விழத்தான் செய்வார். உடனே தூக்காதீர்கள். அக்குளில் கைகொடுத்து இழுத்தால் முறிந்த எலும்பு விலகும். எங்கே வலிக்கிறது என்று அவரால் சொல்ல முடியாமல் போகலாம். அதனால் முகச்சுளிப்பைப் பாருங்கள், ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ கிடக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அசைக்காமல் 108ஐ அழையுங்கள். இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முட்டிபோடவைத்து, எதிரே ஒரு நாற்காலியை வைத்து, அதைப் பிடித்து அவரே எழ உதவுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்குத் தலையில் அடிபட்டால், காயம் சிறிதென்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்த சில வாரங்களில் வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்கினால், ஒரு பக்கம் இழுத்து நடந்தால், பேச்சு குறைந்தால், நோய்தான் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மூளையின் மேலுறைக்கு அடியில் இரத்தம் மெல்லக் கசிந்து தேங்கும்போதும் இதே அறிகுறிகள்தான் தெரியும். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும், பலருக்கு அறுவை சிகிச்சையில் சரியும் ஆகிறது. விழுந்த தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், யார் என்ன கேட்டார்கள் என்பதைக் காலண்டர் தாளிலேயே குறித்துவைத்து, மருத்துவரிடம் போகும்போது அதைக் கிழித்து எடுத்துப்போங்கள்.